மறந்து கற்பது கல்வியன்று!

திண்டிவனம் என்னும் ஊர்ப்பெயரிலேயே ஒரு மறதி குடியிருக்கின்றது. அவ்வூர்க் கோயில் இறைவனுக்குத் திந்திரிணீசுவரர் என்று பெயர். திந்திரிணி என்பது புளியமரத்தைக் குறிக்கும் வடசொல். வனம் என்பது காடு. புளியங்காடு என்று மூச்சுவிடுவதுபோல் எளிதாகச் சொல்லத்தக்க பொருளைத் தன் மக்களுக்கே அகரமுதலி கொண்டு விளக்க வேண்டிய இழிநிலை அப்பெயருக்கு வந்துற்றது. ஆனால் அவ்வூர் அடுக்களைகளில் புளி இன்றும் புளியாகவே இருக்கின்றது. திந்திரிணி கரைத்துக் குழம்பு வைத்த தாய் ஒருத்தியும் இலள்! திருமுதுகுன்றம் விருத்தாசலம் ஆனதும், திருமறைக்காடு வேதாரணியம் ஆனதும் இவ்வகையினவே. புதிய பெயரொன்று கற்பிக்கப்பெற்றது; கற்ற அளவிலே பழைய பெயர் அழிக்கப்பெற்றது. இதனை வளர்ச்சி என்று சொன்னவரும் உண்டு; அதனை நம்பிய தமிழரும் உண்டு.

திண்டிவனத்திற்குத் தெற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டரில் உள்ள விழுப்புரத்தின் நிலை வேறு. அதன் பெயர் தமிழர் வாயில் இன்னும் விழுப்புரமாகவே வாழ்கின்றது. ஆயின் ஆங்கில எழுத்துகளில் புகுந்து வெளிவரும்போது அது வில்லுபுரம் ஆகிவிடுகின்றது. அவ்வெழுத்தையே படித்துப் பழகிய அயலார்க்கும் பொறிகட்கும் அப்பெயரில் ஒரு ழகரம் இருந்ததென்பதே தெரியாது. தமிழ்நாட்டரசு 1018 ஊர்ப்பெயர்களைத் தமிழொலிப்புக்கேற்ப ஆங்கிலத்தில் எழுதுமாறு 2020ஆம் ஆண்டு சூன் திங்களில் ஆணையை வெளியிட்டது. சில நாள்களிலேயே அதனைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஓரூர் தன் பெயரைத் தன் ஒலியோடு எழுதிக்கொள்வதற்கு இத்துணை இடர்!

இக்கால் இம்மறதி வேறொரு வாயில் வழியே வந்துகொண்டிருக்கின்றது. அவ்வாயில் கணிப்பொறி. எழுத்தைப் பார்த்துப் படிக்கவும், இலையைப் பார்த்து நோயைச் சொல்லவும், பேச்சைக் கேட்டு எழுதவும் பொறிகள் பழக்கப்பெறுகின்றன. பழக்குவோர் எதனை முதலில் கற்பிக்கின்றனர், எதனைப் பின்னர்க் கற்பிக்கின்றனர், பின்னதைக் கற்பிக்கும்போது முன்னது என்னாகின்றது என்பவற்றை அறியாத தமிழன், நாளை தன் நிலத்தில் விளையும் பயிரின் பெயரையும் தன் ஊர்க்கல்லில் பொறித்த எழுத்தையும் பொறியிடம் கேட்டு ஏமாந்து நிற்பான்.

பொறி கற்கும் வகை யாது? ஓரெழுத்துக்கு ஆயிரக்கணக்கான படங்களைக் காட்டி, இஃது அகரம், இஃது ஆகாரம் என்று பெயர் சொல்லிக் கொடுப்பர். பொறியின் உள்ளே நரம்பு வலை எனப்பெறும் கணக்கமைப்பு ஒன்று உண்டு. அதில் எடைகள் என்று சொல்லப்பெறும் எண்கள் நூறாயிரக்கணக்கில் இருக்கும். பொறி பிழையாகச் சொல்லும்போதெல்லாம் அவ்வெண்கள் சிறிது சிறிதாகத் திருத்தப்பெறும். திருத்தித் திருத்தி, அகரத்தை அகரமென்று சொல்லும் நிலைக்கு அவை வந்து சேரும். இங்கு நினைவிற் கொள்ள வேண்டுவது ஒன்று. அகரத்துக்குத் தனிப்பேழை, ஆகாரத்துக்குத் தனிப்பேழை என்று பொறிக்குள் பேழைகள் இல்லை. எல்லா அறிவும் அதே எண்களில் விரவிக் கிடக்கின்றது. ஆகையால், புதிய வகையொன்றைக் கற்பிப்பதற்காக அவ்வெண்களைத் திருத்தும்பொழுது, பழைய வகைகள் நின்றிருந்த அடித்தளமே கலைந்து போகின்றது.

இதனை 1989ஆம் ஆண்டிலேயே மெக்கிளாசுக்கி, கோகன் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர் வெளிப்படக் காட்டினர். நரம்பு வலை ஒன்றுக்கு ஒன்றாம் வாய்பாட்டுக் கூட்டலை முதலில் கற்பித்தனர். அது பிழையின்றிக் கற்றது. பின்னர் இரண்டாம் வாய்பாட்டுக் கூட்டலைக் கற்பித்தனர். அதனைக் கற்கக் கற்க ஒன்றாம் வாய்பாட்டைப் பொறி விரைந்து மறந்தது. திண்ணைப் பள்ளியில் எண்சுவடி படித்த எந்தச் சிறுவனுக்கும் நேராத கேடு இது. மாந்தனும் மறப்பான், ஆயினும் சிறிது சிறிதாக மறப்பான், நினைவூட்டினால் மீட்டுக்கொள்வான். பொறியின் மறதியோ ஏரிக்கரை உடைந்தது போன்றது. எனவே அதற்குப் பேரழிவு மறதி என்றே அறிவியலார் பெயரிட்டனர்.

இம்மறதியோடு இன்னோர் இடரும் சேர்ந்தால் நிலைமை இருமடங்கு கடிதாகும். புதிய வகைக்கு ஆயிரம் எடுத்துக்காட்டுகள் இல்லை, ஐந்தே உள என்று வைத்துக்கொள்க. அவ்வைந்தை மட்டுமே மீண்டும் மீண்டும் காட்டினால், பொறி அவ்வைந்து படங்களின் தற்செயலான கறைகளையும் நிழல்களையும் அவ்வகையின் இலக்கணமாகக் கொண்டுவிடும், பழையவற்றையும் இழந்துவிடும். சில எடுத்துக்காட்டுகளைக் கொண்டு புதிய வகைகளைக் கற்பித்தல், பழையவற்றை மறவாதிருத்தல் என்னும் இவ்விரட்டைச் சிக்கலை 2020இல் வெளிவந்த ஓர் ஆய்வு தனித்துறையாக வகுத்துக் காட்டியது. அதன் தேர்வுமுறை ஒன்றில் முதலில் 60 வகைகள் நிறைந்த படங்களோடு கற்பிக்கப்பெறும். பின்னர் எட்டுத் தவணைகளில், தவணைக்கு ஐந்து வகை, வகைக்கு ஐந்தே படம் என்று புதியவை வரும். முன்னவை அடிப்படை வகைகள். பின்னவை வந்தேறு வகைகள்.

தமிழர் கேட்க வேண்டிய கேள்வி இங்கேதான் பிறக்கின்றது. அடிப்படை வகைகள் யாவை? அவ்விருக்கையில் அமர்ந்திருப்பவர் யார்? ஐந்து படத்தோடு வாயிலில் நிற்பவர் யார்?

சில எடுத்துக்காட்டுகளைக் கொண்டு எழுத்துகளைக் கற்கும் திறனை அளப்பதற்கென 2015இல் அறிஞர் மூவர் வெளியிட்ட ஆம்னிகிளாட்டு என்னும் தொகுப்பு உலகெங்கும் புகழ்பெற்றது. 50 எழுத்துமுறைகள், 1623 எழுத்துகள், ஒவ்வோர் எழுத்தையும் 20 பேர் எழுதியுள்ளனர். அதில் கன்னடம் உண்டு, மலையாளம் உண்டு, வங்காளம், குசராத்தி, ஒரியா உண்டு, சமற்கிருதம் உண்டு, கிரந்தமும் உண்டு! தொலைக்காட்சிக் கேலிப்படம் ஒன்றுக்கெனப் புனைந்த எழுத்து உண்டு; ஆங்கிலக் கதையாசிரியர் டோல்கீன் தம் கதைமாந்தர்க்கெனப் படைத்த எழுத்து உண்டு; விண்மீன்போர்த் திரைப்படத்தின் கற்பனை எழுத்தும் உண்டு. ஈராயிரம் ஆண்டுகளாகக் கல்லிலும் ஓட்டிலும் ஓலையிலும் வாழ்ந்துவரும் தமிழெழுத்து அவ்வைம்பதில் ஒன்றாக இல்லை. இல்லாத உலகத்துக்கு எழுத்து இருக்கின்றது. இருக்கின்ற தமிழுக்கு இடமில்லை!

எழுத்தின் நிலை இஃதெனின், பயிரின் நிலையும் அதுவே. இலைநோய்களைப் பொறிக்குக் கற்பிப்பதற்குப் பெரிதும் பயன்படுத்தப்பெற்ற பிளாண்ட்டு வில்லேசு என்னும் தொகுப்பில் 54,306 படங்கள் உள்ளன. 14 பயிர்கள், 38 வகைகள். ஆப்பிள் உண்டு, புளூபெர்ரி உண்டு, இராசுப்பெர்ரி உண்டு, தக்காளி உண்டு. நெல் இல்லை, நிலக்கடலை இல்லை, எள் இல்லை. திண்டிவனத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் உள்ளது. டி.எம்.வி. என்று பெயர் தாங்கிய நிலக்கடலை வகைகளும் எள் வகைகளும் அந்நிலையத்தினவே. அம்மூன்று ஆங்கில எழுத்துகளும் திண்டிவனத்தையே குறிக்கின்றன. குடியாத்தம் கொத்துக்கடலையிலிருந்து தேர்ந்தெடுக்கப்பெற்று 1940இல் வெளிவந்த டி.எம்.வி. 2 தமிழ்நாட்டுக்கு அப்பாலும் பரவிய வகை. அத்தகைய ஊரின் பயிர், உலகப் பொறியின் அடிப்படை இருக்கையில் இல்லை; ஐந்து படத்தோடு வந்து நிற்க வேண்டிய வந்தேறு வகையாகவே இருக்கின்றது.

இதனால் வரும் கேடு வெறும் மானக்கேடன்று. நிலக்கடலையில் இலைப்புள்ளி நோய் இருவகைப்படும். முன்பருவப் புள்ளி மஞ்சள் வளையம் சூழ்ந்து பழுப்பாய்த் தோன்றும். பின்பருவப் புள்ளி இலையின் அடிப்புறத்தில் கருமை மிகுந்து காணும். இவற்றோடு துருநோயும் உண்டு. ஒன்றைக் கற்பித்த பொறிக்கு மற்றொன்றை ஐந்து படங்களால் புகட்டும்போது, முன்னதை அது மறந்துவிட்டால், உழவனின் திறன்பேசி தவறான நோயைச் சொல்லும். மருந்துச் செலவு அவன் தலையில்; விளைச்சல் இழப்பும் அவன் தலையில். பெயரிலும் அடிமைத்தனம் உண்டு. தமிழில் அச்சிடும் வேளாண் குறிப்புகளிலேயே அந்நோயை டிக்கா இலைப்புள்ளி என்கின்றனர். டிக்கா என்பதும் பொட்டு, புள்ளி என்னும் பொருளுடைய வடக்கத்திச் சொல்லே. புள்ளிக்கு மேல் ஒரு புள்ளி எதற்கு?

"பொறி நன்றாகத்தானே கற்றிருக்கின்றது? நூற்றுக்கு 75 பெற்றிருக்கின்றதே?" என்று சிலர் மதிப்பெண்ணைக் காட்டுவர். அம்மதிப்பெண்ணின் உள்ளே புகுந்து பார்க்க வேண்டும். 60 பழைய வகைகளில் பொறி நூற்றுக்கு 80 பெறுகின்றது, 5 புதிய வகைகளில் 16 பெறுகின்றது என்று வைத்துக்கொண்டு கணக்கிடுக. எல்லாவற்றையும் கூட்டி 65ஆல் வகுத்தால் நிரவல் 75 வரும். ஐந்து வகைகளும் பாழாய்ப் போயின என்பது அந்த 75இல் தெரியவே தெரியாது. பெரும்பான்மையின் கொழுப்பில் சிறுபான்மையின் பட்டினியை மறைக்கும் இந்நிரவற் கணக்கு தமிழர்க்குப் புதியதன்று. நடுவண் அரசின் மொழிக் கொள்கையில் நெடுங்காலமாகப் பார்த்துப் பழகியதே. எனவேதான் நேர்மையான ஆய்வாளர் பழைய வகைக்கு ஒன்றும் புதிய வகைக்கு ஒன்றுமாக மதிப்பெண்ணைப் பிரித்துக் காட்டுமாறு கேட்கின்றனர். தமிழரும் அதனையே கேட்டல் வேண்டும்.

இனி, இம்மறதிக்கு மருந்துண்டா? உண்டு. அம்மருந்துகள் தனித்தமிழ்க் கொள்கைக்கு அரண் செய்வன என்பதே வியப்பு.

முதல் மருந்து, பழையதன் விதையைக் காத்தல். 2017இல் வெளிவந்த ஒரு முறையில், ஒவ்வொரு பழைய வகைக்கும் அதன் இயல்பை நன்கு காட்டும் சில படங்கள் மட்டும் தேர்ந்து எடுத்துவைக்கப்பெறும். புதியது கற்பிக்கும்போதெல்லாம் அவையும் உடன்சேர்த்துக் காட்டப்பெறும். கண்டதையெல்லாம் குவித்து வைப்பதில்லை; வகையின் நடுவுருவத்துக்கு அணுக்கமானவற்றையே தேர்கின்றனர். உழவன் விதைநெல்லைத் தேர்வதும் இப்படித்தான். புதுவகை வந்தது என்று திண்டிவனத்து ஆய்வாளர் பழைய விதைகளைத் தீயிலிடுவதில்லையே! மொழிக்கும் விதைநெல் வேண்டும். பழஞ்சொற்களை இடையறாது வழங்கிக்கொண்டிருப்பதே அவற்றைக் காக்கும் வழி.

இரண்டாம் மருந்து, இன்றியமையாதனவற்றை அசையாமற் பிடித்தல். பழைய கல்விக்கு எந்த எடைகள் உயிர்நாடியானவை என்று அளந்து, அவற்றை எளிதில் திருத்தவொட்டாது இறுக்கிவைக்கும் முறையும் 2017இல்தான் வந்தது. பிற எடைகள் நெகிழ்ந்து புதியதைக் கற்கும், உயிர்நாடிகள் அசையா. மொழியில் எவை உயிர்நாடிகள்? வேர்ச்சொற்கள், ஒலிகள், எழுத்துகள், புணர்ச்சி நெறிகள். மறைமலையடிகள் 1916இல் தனித்தமிழ்க் கொள்கையைக் கைக்கொண்டதும், தேவநேயப் பாவாணர் 1981இல் மறையும்வரை வேர்ச்சொல் ஆய்வில் தம்மைக் கரைத்துக்கொண்டதும் இவ்வுயிர்நாடிகளைக் காக்கவே. அவர்களைப் பழைமைவாதிகள் என்று எள்ளியவர்கள், அதே கொள்கையைக் கணக்கியல் வாய்பாடாக அயல்நாட்டார் எழுதியதும் அறிவியல் என்று கைதட்டுகின்றனர்!

மூன்றாம் மருந்து, அடித்தளத்தைக் கலைக்காமல் அதன்மேல் புதியதற்குத் தனியிடம் தருதல். பொறி முன்பே கற்ற கூர்மையைக் கொண்டு ஐந்து படங்களையும் அளந்து, அவற்றின் நடுப்புள்ளியை அப்புதிய வகையின் இருப்பிடமாகக் குறித்துக்கொள்ளும். பின்னர் எதிர்ப்படும் படம் எவ்விருப்பிடத்துக்கு அணுக்கமோ அவ்வகை என்று சொல்லும். இம்முறையில் எடைகள் திருத்தப்பெறாமையின் பழையது அழிவதில்லை. 2022இல் வந்த ஓர் ஆய்வு இன்னும் ஒருபடி மேலே சென்று, வருங்கால வகைகளுக்கென அடிப்படைக் கல்வியிலேயே வெற்றிடம் ஒதுக்கிவைக்கக் கற்றுத்தந்தது.

இம்மூன்றாம் முறையைத் தமிழ் எப்பொழுதோ கைக்கொண்டது. நெய் என்பது பழஞ்சொல். எள்ளிலிருந்து எடுத்த நெய் எண்ணெய் ஆயிற்று. பின்னர்ப் பிற வித்துகளின் நெய் வந்தபோது, எண்ணெய் என்பதே பொதுப்பெயராய் விரிந்து, தேங்காயெண்ணெய், கடலையெண்ணெய், மண்ணெண்ணெய் என்று புதுவகைகளைத் தாங்கியது. எள்ளின் நெய் இடமிழந்து போகவில்லை. நல்லெண்ணெய் என்று சிறப்புப் பெயர் பெற்றுத் தலைநிமிர்ந்தது. அமெரிக்க மண்ணிலிருந்து ஒரு புதுப்பயிர் வந்தது. தமிழுழவன் அதனைக் கண்டான். தான் அறிந்த கடலையோடு ஒப்பிட்டான். நிலக்கடலை, வேர்க்கடலை என்றான். பழைய கடலை அழிந்ததா? கொண்டைக்கடலை என்று தனித்து நிற்கின்றது. விழுப்புரம், திண்டிவனம் வட்டார மக்கள் அப்பயிரையே மல்லாட்டை என்கின்றனர். மணிலாக்கொட்டை என்னும் அயற்பெயரையும் தமிழ் வாயில் இட்டு மென்று தமிழொலியாக்கிய திறம் அது. எழுதப் படிக்கத் தெரியாத உழவர்தாம் இதனைச் செய்தனர். சில எடுத்துக்காட்டுகளால் புதியதைக் கற்றனர், பழையதை மறந்திலர். இத்திறத்தை இழந்து, வந்த பொருளோடு வந்த பெயரையும் அப்படியே விழுங்கியவர்கள் கற்றோர்களே!

இனி, கல்வெட்டுக்கு வருவோமாயின் இச்சிக்கலின் முழு உருவமும் விளங்கும். திருக்கோவலூர்ப் பக்கத்துச் சம்பையில் 1981இல் கண்டறியப்பெற்ற அதியமான் கல்வெட்டு தமிழி எழுத்தில் உள்ளது. செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றில், 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் கல்வெட்டு வட்டெழுத்தில் உள்ளது. விழுப்புரத்தை அடுத்த மண்டகப்பட்டில், செங்கல்லும் மரமும் மாழையும் சுண்ணமும் இன்றிக் குடைந்த கோயில் என்று பல்லவ வேந்தன் மகேந்திரவருமன் பொறித்த கல்வெட்டு கிரந்த எழுத்தில் வடமொழியாக உள்ளது. தமிழ் மண்ணின் பாறையில் தமிழ்ச்சிற்பி குடைந்த கோயிலுக்குத் தமிழ்மக்கள் படிக்கவொண்ணாத மொழியில் ஆவணம்!

இம்மூன்றையும் படிக்கும் பொறி வேண்டுமெனின், இன்றைய அச்சுத்தமிழை நிறையக் கற்ற பொறிக்கு இப்பழவெழுத்துகளைக் கிடைத்த சில கற்களைக் கொண்டே கற்பித்தல் வேண்டும். வட்டெழுத்தைக் கற்றபின் தமிழியை மறந்தால் பயனில்லை. இரண்டையும் கற்று இன்றைய தமிழை மறந்தாலும் பயனில்லை. கிரந்தத்தையும் பொறி கற்கட்டும். மண்டகப்பட்டுக் கல்லைப் படிக்க அது வேண்டும். வரலாற்றை மறைத்தல் தனித்தமிழ்க் கொள்கையன்று. ஆயின் கிரந்தம் கிரந்தம் என்றே பெயரிடப்பெற்றுத் தனிவகையாய் நிற்றல் வேண்டும். தமிழின் 247இனோடு கலந்து தமிழெழுத்தாய் வேடமிடல் கூடாது. எச்.பி. நிறுவனத்தின் இந்திய ஆய்வகம் தொகுத்த தமிழ்க் கையெழுத்துத் தொகுப்பின் 156 குறிகளில் வடவெழுத்துகளும் தமிழெழுத்துகளோடு ஒரே வரிசையில் நிற்கின்றன. இக்கலப்பே பின்வரும் பொறிகட்கெல்லாம் அடிப்படைக் கல்வியாய்ப் போகின்றது. பிரித்து நிறுத்துதல் இயலாததன்று. 2010இல் கிரந்தத்தைத் தமிழோடு பிணைக்கும் முன்மொழிவுகள் ஒருங்குறி அவையத்தின்முன் வந்தபோது தமிழறிஞர் கிளர்ந்தெழுந்தனர்; தமிழ்நாட்டரசும் தடை கூறியது. 2014இல் கிரந்தம் தனக்கெனத் தனியிடம் பெற்று ஒதுங்கியது. விழிப்புற்ற இடத்தில் வென்ற வரலாறு அது.

"பொறிக்கு மொழிவேற்றுமை இல்லை, இதில் தமிழ்வெறி எதற்கு?" என்பார் வினவுக. பொறிக்கு வேற்றுமை இல்லை என்பது மெய்யே. அதற்கு எதனைக் காட்டினரோ அதுவே உலகம். எதனைக் காட்டவில்லையோ அஃது இல்பொருள். ஆகவே பகை பொறியிடத்தில் இல்லை. ஆம்னிகிளாட்டைத் தொகுத்த அறிஞரிடத்திலும் இல்லை. அவர் தமிழைத் தள்ளினர் என்று பழிகூறித் தப்பித்துக்கொள்ளல் ஆகாது. கொண்டுபோய்க் கொடுக்கத் தமிழர் முன்வரவில்லை என்பதே குற்றம். அடிப்படை இருக்கை காலியாய் இருக்கும்பொழுது உறங்கிவிட்டு, பின்னர் ஐந்து படத்தோடு வாயிலில் நின்று கெஞ்சுவது தமிழர்க்கு வழக்கமாகிவிட்டது.

எனவே செய்ய வேண்டுவன தெளிவு. தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை தன்னிடமுள்ள கல்வெட்டுப் படிகளை எழுத்து எழுத்தாய்ப் பிரித்து, தமிழி, வட்டெழுத்து, தமிழ், கிரந்தம் என வகைபெயரிட்டு எல்லார்க்கும் திறந்துவைக்க வேண்டும். வேளாண்மைப் பல்கலைக்கழகம் நிலக்கடலைக்கும் எள்ளுக்கும் நெல்லுக்குமான இலைநோய்ப் படத்தொகுப்புகளைத் தமிழ்ப்பெயர்களோடு உருவாக்கி வெளியிட வேண்டும். மல்லாட்டை என்று சொல்லும் உழத்தியின் சொல்லும் அதில் ஏற வேண்டும். தமிழ் இணையக் கல்விக்கழகம் இவற்றைக் கொண்டு தமிழை அடிப்படையாய்க் கொண்ட பொறியைப் பழக்குவித்து, பழைய வகைக்கும் புதிய வகைக்கும் தனித்தனி மதிப்பெண்ணை வெளியிட வேண்டும். விழுப்புரம், திண்டிவனம் வட்டத்துத் தமிழாசிரியரும் மாணவரும் தத்தம் ஊர்க்கற்களையும் பயிர்களையும் ஊர்ப்பெயர்களையும் பிழையறப் பதிந்து தர வேண்டும். ஐந்தே எடுத்துக்காட்டு போதும் என்னும் காலத்தில், அவ்வைந்தைத் தருபவனே ஆசான். அவ்வைந்தைத் தமிழன் தரவில்லையெனின் பிறன் தருவான். பிறன் தந்தது புளியங்காட்டைத் திண்டிவனமாக்கியதை நாடு கண்டது.

கற்றல் என்பது சேர்த்தல். அழித்து எழுதுதல் சிலேட்டுக்குப் பொருந்தும், மொழிக்குப் பொருந்தாது. பழையதை மறவாமலே புதியதைக் கற்க இயலும் என்று பொறிக்கே மெய்ப்பித்துவிட்ட இந்நாளில், வளர வேண்டுமாயின் மறக்க வேண்டும் என்று தமிழனுக்குச் சொல்வோர் சொல் இனி எடுபடாது. தமிழர் மறவாமற் கற்க! மறவாமற் கற்பிக்க!